ஆறு அடியா, நாலு அடியா? ரயில் படத் தட்டுகள் வாங்கும் முன்

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மாமா 1960களில் மலாயா ரயில்வேயான கேடிஎம்மின் நீராவி எஞ்சின்களில் பயர்மேனாக, அதாவது கொதிகலன் தீயைப் பார்த்துக்கொள்பவராக, வேலை பார்த்தவர். போன வருடம் இங்கிலாந்திலிருந்து ஒரு டிவிடி வரவழைத்து அவருக்குப் போட்டுக் காட்டினேன். அந்தக் காலத்தில் மலாயாவில் இருந்த ஆங்கிலேய ரயில் பித்தர்கள் சின்னக் கேமராவில் பிடித்த எட்டு மில்லிமீட்டர் சுருள்களின் தொகுப்பு அது. ஐம்பத்தாறாம் வகை எஞ்சின் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு ஏற்றத்தில் வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

“டேய், சத்தம் தப்பா இருக்கு. இது நாலு அடிக்குது. நம்ம வண்டி ஆறு அடிக்கும்.”

அவர் சொன்னது சரிதான். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் 1946 வரை மலாயாவுக்காகக் கட்டிய எஞ்சின்கள் அந்த வகை. மூன்று சிலிண்டர் கொண்டவை. சாதாரண இரண்டு சிலிண்டர் எஞ்சினில், பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் புகைபோக்கி வழியாக நான்கு முறை நீராவி வெடித்து வெளியேறும். மூன்று சிலிண்டர் என்றால் ஆறு முறை. எட்டு மில்லிமீட்டர் சுருளில் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஒலிப்பதிவே கிடையாது. தயாரிப்பாளர் கையில் கிடைத்த ஏதோ ஓர் ஆங்கில எஞ்சினின் சத்தத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார். படம் நம்முடையது, குரல் வேறொருவருடையது.

அடுத்த குற்றச்சாட்டும் உடனே வந்தது. “இவ்வளவு வேகமா எங்கடா போனோம்?” அதற்கும் காரணம் உண்டு. அந்தச் சின்னக் கேமராக்கள் பெரும்பாலும் வினாடிக்கு 16 அல்லது 18 படச்சட்டம் என்ற வேகத்தில் ஓடியவை. இங்கிலாந்துத் தொலைக்காட்சி முறையோ வினாடிக்கு 25 சட்டம். சுருளில் இருப்பதை ஒன்றுக்கு ஒன்று என்று அப்படியே டிவிடியில் ஏற்றிவிட்டால், மணிக்கு 40 கிலோமீட்டரில் போன ரயில் 55ஐத் தாண்டிப் பறக்கும். நடைமேடையில் நிற்பவர்கள் பழைய ஊமைப்படக் கோமாளிகளைப் போலக் குடுகுடுவென்று ஓடுவார்கள். வேலை தெரிந்தவர்கள் இடையிடையே சட்டங்களைத் திரும்ப நுழைத்து வேகத்தைச் சரிசெய்வார்கள். இந்தத் தயாரிப்பாளர் மெனக்கெடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமாக அட்டையில் டிவிடியா புளூ-ரேயா என்று மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். முதலில் பார்க்க வேண்டியது, காட்சி எதில் பதிவானது என்பது. பதிவில் இல்லாத ஒன்றை எந்தத் தட்டும் கொண்டுவந்து சேர்க்காது. பதிவில் இருந்ததைக் கெடுக்க மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதிலும் ரயில் இருக்கிறதே, கெடுப்பதற்கென்றே செய்த பொருள் மாதிரி: பக்கவாட்டில் வேகமாகப் போகும், புகை விடும், சத்தம் போடும்.

சரி, முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி: வெளிநாட்டுத் தட்டு நம் வீட்டில் ஓடுமா?

இதில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, டிவிடி இன்றும் பின்பற்றும் பழைய தொலைக்காட்சி முறை. மலேசியா, இங்கிலாந்து, இந்தியா எல்லாம் ‘பால்’ முறை. (மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஜப்பானும் அமெரிக்காவும் ‘என்டிஎஸ்சி’. இரண்டாவது வட்டாரப் பூட்டு. சினிமாக் கம்பெனிகள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சமயத்தில் படத்தை விற்பதற்காகப் போட்டது. டிவிடியில் அமெரிக்கா 1, இங்கிலாந்தும் ஜப்பானும் 2, மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா 5. இங்கிலாந்துக்கும் ஜப்பானுக்கும் பூட்டு ஒன்று, முறை வேறு. இங்கிலாந்துக்கும் நமக்கும் முறை ஒன்று, பூட்டு வேறு.

புளூ-ரேயில் கணக்கு மாறிவிடுகிறது. அங்கே மூன்றே வட்டாரங்கள். மலேசியா, ஜப்பான், அமெரிக்கா மூன்றும் ‘ஏ’. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ‘பி’. இந்தியாவும் சீனாவும் ‘சி’. ஆக, ஜப்பான்காரர்கள் பிரமாதமாக எடுக்கும் ஓட்டுநர் அறைக் காட்சிப் படம் ஒன்றின் டிவிடி நம் பிளேயரில் ‘முடியாது’ என்று சொல்லலாம், அதே படத்தின் புளூ-ரே ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடும். 2016ல் வந்த 4கே புளூ-ரேக்கு வட்டாரப் பூட்டே இல்லை.

பூட்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டியதும் இல்லை. ரயில் படம் எடுப்பவர்களில் பலர் சிறு தயாரிப்பாளர்கள். ஒரு குடும்பமே கம்பெனியாக இருக்கும். உலகத்தில் எந்த மூலையிலிருந்து வாங்கினாலும் அவர்களுக்குச் சந்தோஷம்தான், பூட்டுப் போட மாட்டார்கள். பூட்டு வருவது பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் வெளியீடுகளில். இங்கே விற்ற டிவிடி பிளேயர்கள் பல எல்லா வட்டாரத்தையும் ஏற்பவை. புளூ-ரே பிளேயர் அவ்வளவு தாராளம் இல்லை, ‘பி’ என்று போட்டிருந்தால் யோசித்து வாங்குங்கள்.

கணினியில் பார்க்கிறேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணினியின் டிவிடி டிரைவில் வட்டாரத்தை ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு நிலைத்துவிடும். நான் ஜப்பான், இந்தியா, அமெரிக்கா என்று ஒரே வாரத்தில் உலகம் சுற்றினேன். என் பழைய மடிக்கணினி இன்றைக்கும் அமெரிக்கப் பிரஜைதான். பிளேயரையே வெளிநாட்டிலிருந்து தூக்கி வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பிரிக்பீல்ட்ஸ் நண்பர் ஒருவர் ஒசாகாவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பெட்டியை நேராகச் சுவரில் செருகினார். அங்கே 100 வோல்ட், இங்கே 230. ஒரே ஒரு ‘டப்’.

அப்புறம் பாலும் என்டிஎஸ்சியும். நம் ஊர்த் தொலைக்காட்சிகள் இரண்டையும் ஏற்று வெகுகாலம் ஆகிறது. அதனால் ‘ஓடுமா’ என்ற கேள்வி நமக்கு இல்லை; ‘எப்படித் தெரியும்’ என்பதுதான் கேள்வி. பால் டிவிடியில் படம் 576 கோடுகள், வினாடிக்கு 25 சட்டம். என்டிஎஸ்சியில் 480 கோடுகள், வினாடிக்குக் கிட்டத்தட்ட 30. பாலை என்டிஎஸ்சியாக மாற்றும்போது கோடுகள் போகும், இல்லாத சட்டங்களை இருக்கும் சட்டங்களைக் கலந்து உருவாக்க வேண்டியிருக்கும். ஊர்ந்து போகும் ரயிலில் இது தெரியாது. வேகமாகப் போகும் ரயிலில் ஜன்னல்களுக்குப் பின்னால் ஆவி மாதிரி இன்னொரு ஜன்னல் தெரியும். என் விதி எளிது: வீடியோவில் எடுத்த படம் என்றால், எந்த நாட்டில் எடுத்தார்களோ அந்த நாட்டு முறையிலேயே வாங்குவது. இங்கிலாந்து ரயிலுக்குப் பால், ஜப்பான் ரயிலுக்கு என்டிஎஸ்சி.

இந்திய ரயில் படங்களில்தான் ஏமாந்து போவோம். எடுத்தது பால் கேமராவாக இருக்கும். அமெரிக்காவிலும் விற்க வேண்டும் என்று என்டிஎஸ்சியாக மாற்றிய டிவிடிகள் நிறைய. நீலகிரி மலை ரயிலை அப்படி ஒரு தட்டில் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர், 16 குகை, பல்சக்கரம் பற்றி ஏறும் தடம். நல்லவேளை, அந்த வண்டி மெதுவாகத்தான் ஏறுகிறது. மாற்றத்தில் வந்த குறை பாதிக்கு மேல் கண்ணில் படவில்லை.

கோடுகள் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும், ரயில் படத்தின் மிகப் பெரிய எதிரி இதுதான். பழைய வீடியோ கேமரா ஒரு சட்டத்தை முழுசாக ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், ஐம்பதில் ஒரு பங்கு வினாடி கழித்து இரட்டைப்படைக் கோடுகள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் ரயில் வினாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. ஐம்பதில் ஒரு பங்கு வினாடியில் அரை மீட்டர். ஆக ஒரே சட்டத்தில் பாதிக் கோடுகளில் ரயில் ஓரிடத்தில் நிற்கும், மீதிக் கோடுகளில் அரை மீட்டர் தள்ளி நிற்கும். பழைய குண்டுத் தொலைக்காட்சி இந்த இரண்டு பாதியையும் வந்த வரிசையிலேயே வரைந்ததால் கண்ணுக்கு அது வழவழப்பான ஓட்டமாகத் தெரிந்தது. இன்றைய தட்டைத் திரை இரண்டையும் ஒன்றாகக் காட்ட முயலும்போது பெட்டியின் விளிம்பெல்லாம் சீப்பின் பல் மாதிரி ஆகிவிடுகிறது.

நல்ல பிளேயரும் தொலைக்காட்சியும் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். கணினியில் விஎல்சி என்ற மென்பொருளில் பார்ப்பவர்கள் வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸ் என்பதில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்தால், வினாடிக்கு ஐம்பது அசைவும் திரும்பக் கிடைக்கும். வித்தியாசம் அசத்தும். ஆனால் சில தயாரிப்பாளர்கள் சீப்புப் பல் புகார்களுக்குப் பயந்து, பாதிக் கோடுகளைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டில் ஏற்றியிருப்பார்கள். அதை யாராலும் மீட்க முடியாது. ரயில் தத்தித் தத்தித்தான் போகும்.

விசிடியைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். பசார் மாலாம் இரவுச் சந்தையிலும் மஸ்ஜித் இந்தியாக் கடைத்தெருவிலும் இரண்டு தட்டில் ஒரு சினிமா என்று ஒரு தலைமுறையே அதில்தான் வளர்ந்தது. முகம் பார்த்து வசனம் கேட்கும் சினிமாவுக்கு அது போதுமாக இருந்தது. ரயிலுக்குப் போதாது. 352க்கு 288 புள்ளி, வினாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் தகவல். படத்தைச் சுருக்கும் முறை, முந்தின சட்டத்திலிருந்து எது மாறவில்லையோ அதைத் திரும்ப எழுதாமல் விட்டு இடத்தைச் சேமிக்கிறது. ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்த படத்தில் மாறாதது எது? தண்டவாளம், சரளைக்கல், இலை, எல்லாமே ஒவ்வொரு சட்டத்திலும் இடம் மாறும். கெமாசிலிருந்து தும்பாட் போகும் கிழக்குக் கரைத் தடத்தை யாராவது விசிடியில் போட்டால் இரண்டு பக்கக் காடும் கீரைக் கூட்டு மாதிரிதான் இருக்கும்.

டிவிடியிலும் இதே சிக்கல் சின்ன அளவில் உண்டு. ‘ஒரே தட்டில் நாலு மணி நேரம்!’ என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஓர் அடுக்குத் தட்டில் 4.7 ஜிகாபைட். நான்கு மணி நேரத்துக்குப் பங்கு போட்டால் வினாடிக்கு இரண்டரை மெகாபிட் சொச்சம். அதே தட்டில் இரண்டு மணி நேரம் மட்டும் என்றால் ஐந்துக்கு மேல். டிவிடியில் படத்துக்கு 9.8 வரை போகலாம். இரட்டை அடுக்கு என்றால் 8.5 ஜிகாபைட், அது கொஞ்சம் மூச்சு விடும். புகை, மழை, காடு நிறைந்த படத்துக்கு நேரம் குறைவாக இருப்பது நல்ல அறிகுறி.

இனி புளூ-ரே. கூடுதல் காசு கொடுக்கலாமா? இங்கேதான் ‘எதில் பதிவானது’ என்ற கேள்வி பணத்தை மிச்சப்படுத்தும். நம் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957ல் வந்த இங்கிலீஷ் எலக்ட்ரிக் டீசல்களை அந்தக் காலத்தில் ஓர் ஆர்வலர் எட்டு மில்லிமீட்டரில் எடுத்திருந்தால், அந்தச் சுருளில் இருக்கும் விவரத்துக்கு ஒழுங்காகச் செய்த டிவிடியே ஏறக்குறையப் போதும். 1995ல் கோலாலம்பூர் வட்டாரத்தில் கொம்யூட்டர் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததை ஒருவர் ஹை8 என்ற நாடாக் கேமராவில் எடுத்திருந்தால், புளூ-ரே வாங்குவது வீண். இல்லாத புள்ளிகளைக் கணினி ஊதிப் பெரிதாக்கியிருக்கும், அவ்வளவுதான். 2011 ஜூன் 30 இரவு சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டதே, ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போன வண்டி, அது எச்டி கேமராக் காலம். அதற்குப் புளூ-ரே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

விசித்திரம் என்னவென்றால், இவை எல்லாவற்றுக்கும் முந்திய 16, 35 மில்லிமீட்டர் படங்கள்தான் புளூ-ரேக்கு மிகவும் தகுதியானவை. 1949ல் தொடங்கிய பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் பிலிம்ஸ் தொழில்முறைப் படச்சுருளில் எடுத்தவற்றில், டிவிடியால் காட்ட முடியாத விவரம் எவ்வளவோ இருக்கிறது. புதிதாகச் சுருளையே ஸ்கேன் செய்து எடுத்தது என்று விற்பவர் சொன்னால் 1950களின் படத்துக்குப் புளூ-ரே வாங்கலாம். 1990களின் படத்துக்கு வேண்டாம். கேட்பதற்குத் தலைகீழாகத்தான் இருக்கும்.

அட்டையில் ‘அகலத்திரை’ என்று இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பழைய படமெல்லாம் நாலுக்கு மூன்று என்ற அளவு. அதைப் பதினாறுக்கு ஒன்பதாக நிரப்ப வேண்டும் என்றால் மேலும் கீழுமாகப் படத்தின் கால்வாசியை வெட்ட வேண்டும். மேலே புகைபோக்கி போகும், கீழே சக்கரம் போகும். ஹபக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1910ல் திறந்த பழைய கோலாலம்பூர் நிலையத்தின் குமிழ் மாடங்களை வெட்டிவிட்டு வெறும் நடைமேடைக் கூரையைக் காட்டிய ஒரு தட்டு என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சிறு தயாரிப்பாளர்களின் தட்டில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் அளவுக்கு அவர்களுக்கு விற்பனை இல்லை. ஆர்டர் வந்தால் வெற்றுத் தட்டில் ‘எரிக்கிறார்கள்’ (கணினியில் பதிகிறார்கள்), அதாவது டிவிடி-ஆர். தட்டைத் திருப்பிப் பாருங்கள்: அச்சடித்தது வெள்ளி நிறமாக இருக்கும், எரித்தது லேசாக ஊதா அடிக்கும். எரித்த தட்டில் தகவல் இருப்பது ஒரு சாயத்தில். வெயிலும் சூடும் புழுக்கமும் அதற்கு ஆகாது. நம் ஊரில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. அதனால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பல அபூர்வமான படங்கள் இப்படித்தான் கிடைக்கின்றன. வந்த அன்றே கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தட்டை இருட்டான அலமாரியில் வையுங்கள். காரில் விட்டுவிட்டு நாசி லெமாக் சாப்பிடப் போகாதீர்கள்.

விஎச்எஸ் கேசட்டை நான் இப்போது வாங்குவதில்லை. அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் பழைய சாமான் பார்க்கும்போது கை துறுதுறுக்கும்தான். ஆனால் புதுப் பிளேயர் கிடைக்காது; கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016ல் நிறுத்திவிட்டது. அதைவிட மோசம் பூஞ்சை. கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி தெரியும். அதைப் பிளேயரில் போட்டால் பூஞ்சை உள்ளே ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். டிவிடியாக வராத படம் என்றால் மட்டும் வாங்கி, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இப்போது நிறையப் பேர் தட்டே இல்லாமல் கோப்பாக விற்கிறார்கள். முறை, பூட்டு, தபால் செலவு எல்லாம் போயிற்று. ஆனால் எவ்வளவு பெரிய கோப்பு என்று கேளுங்கள். நேரத்தோடு வகுத்துப் பார்த்தால் மேலே சொன்ன அதே கணக்குதான். யுஎஸ்பியில் போட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதென்றால் அந்தக் குச்சி ‘ஃபேட்32’ முறையில் இருக்கக் கூடாது. நாலு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது, குச்சியில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும்.

வாங்குவதற்கு முன் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுவது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது. எதில் எடுத்தது, என்ன வேகத்தில் மாற்றியது, சத்தம் அந்த வண்டியுடையதுதானா. சிறு தயாரிப்பாளர்கள் ரயில் பைத்தியங்கள் என்பதால் ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் பதில் வரும். பதிலே வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.

மாமாவின் அந்தத் தட்டை நான் திருப்பி அனுப்பவில்லை. விஎல்சியில் ஓட்டும் வேகத்தை 0.72 என்று வைத்தேன். பதினெட்டை இருபத்தைந்தால் வகுத்தால் வருவது அது. சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டேன். மாமா மேசையில் விரலால் ஆறு ஆறாகத் தட்டிக்கொண்டே பார்த்தார்.

“இப்ப வண்டி சரியா போகுது. ஆனா புகை ரொம்பக் கறுப்பா இருக்கு பாரு. அந்தப் பயர்மேன் சரியில்லை.”